பிரையனிடம் நான் கேட்கும் சொறி

ஊரில் யுத்தம் முடிந்த கிழமை அது. அதை நிறுத்தச் சொல்லி நாங்கள் இங்கே கனடாவில் ரோட்டை மறித்து ஆர்ப்பாட்டம் செய்திருந்தோம். வன்னியில் இருந்த அக்கா உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது. எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எல்லோரும் அவளைப் பற்றி என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் பேக்கரியின் சூப்பர்வைசர் பிரையன், சாப்பாட்டு மேசையில் வைத்து, "ரோட்டை மறிச்சு என்ன கண்டீங்கள்? தோத்துப்போனீங்கள்தானே" என்றான். சிலர் சிரித்தார்கள்.

பக்கத்தில் இருந்த சுதன் அண்ணை என் கையைப் பிடித்தார். "விடு தம்பி. கனடாக்காரன்ர காலை நாங்கள் மிதிச்சாலும் அவன்தான் மன்னிப்புக் கேட்டுச் சொறி சொல்லுவானாம். உவனையும் ஒருக்கா மிதிச்சுப் பார்" என்று பகிடி விட்டார்.

எனக்கு அது பகிடியாகப் படவில்லை. அடுத்த நாள், ரொட்டி கொண்டுபோகும் மெஷின் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்ற பிரையனின் காலை என் இரும்புமுனைச் சப்பாத்தால் வேண்டுமென்றே மிதித்தேன். "சொறி" என்றான். மனம் ஆறவில்லை. திரும்பவும் முழுப் பாரத்தோடு மிதித்தேன். "சொறி" என்றபடியே பின்னால் சரிந்தான். ஓடிக்கொண்டிருந்த பெல்ட் அவன் சட்டைக்கையை இழுத்தது. பாய்ந்து, மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தேன். சட்டை கிழிந்தது, கை தப்பியது.

பிரையன் எழும்பி, "சொறி, நான்தான் இடைஞ்சலா நிண்டிட்டன்" என்றான்.

"உந்தச் சொறி எனக்கு வேண்டாம். நேற்று மேசையில சொன்னதுக்குச் சொல்லு" என்றேன். கிழிந்த சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வாசகர்களே, கோபத்தோடு மெஷினுக்குக் கிட்டப் போகாதீர்கள். நான் இப்போது முகத்துக்கு நேரேதான் கேட்கிறேன். பிரையனை எங்கே கண்டாலும் கேட்கிறேன். மிதிபட்டதற்கெல்லாம் சொறி சொன்னவன் இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. நானும் விடப்போவதில்லை.