வறுத்த தேங்காய்ப்பூ

அன்று குசினியில் இருந்தது மூன்று பேர்: அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, நான். அப்பா இல்லை. துறைமுகத்தில் அவருக்குப் பகல் வேலை. அதற்காகவேதான் அந்த நாளைத் தெரிந்தெடுத்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மாமா உப்புவெளியில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தவர். வெள்ளைக்காரர் காலையில் கேட்டுத் தின்னும் கேக் மாதிரியான வாழைப்பழப் பாணைச் சுட அங்குதான் பழகினார். அதில் அன்னாசியும் தேங்காய்ப்பூவும் சேர்ப்பது அவருடைய சொந்தப் புத்தி. எங்கள் வீட்டில் பாண் சுடும் போறணை அடுப்பு கிடையாது. பெரிய கிடாரத்தில் கடற்கரை மண்ணைக் கொட்டி விறகடுப்பில் ஏற்றினார். மாவை ஊற்றிய பால்மாத் தகரங்களை அந்த மண்ணில் இறக்கி மூடி, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல் பரப்புவதாகத் திட்டம்.

"என்னடா தம்பி, கேக் சுடுறியோ, செங்கல் சுடுறியோ?" என்று அம்மா புகைக்குள் இருமினார்.

"பாத்துக்கொண்டிரு அக்கா. பத்து நாளைக்கு ஒண்டும் செய்யாது."

பத்து நாள் பழைய கேக்கை ஆர் தின்னுறது என்று கேட்டேன். ஹோட்டல் ஓடர் என்றார் மாமா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பத்து நாள் நிற்க வேண்டுமென்றால் ஈரம் இருக்கக் கூடாது. அன்னாசியைச் சீனியோடு பாணி இறுகும்வரை கிண்டினார். தேங்காய்ப்பூவை மண்ணிறமாக வறுத்து, தாச்சியோடு என் முன்னால் வைத்தார்.

"மருமோன், இதுக்கு நீதான் காவல். ஒரு ஈக்கும் குடுக்கப்படாது."

ஈக்குக் கொடுக்கவில்லை. சீனி தூவி நானே தின்றேன். பாதி முடிந்த பிறகுதான் பயம் வந்தது. சம்பலுக்குத் திருவி வைத்திருந்த பச்சைத் தேங்காய்ப்பூவில் அரை மூடி அளவு அள்ளிப் போட்டு, வறுத்ததை மேலே பரவிவிட்டேன். விறகைத் தள்ளிக்கொண்டிருந்த மாமா, பார்க்காமலே அதை மாவில் கொட்டினார்.

பின்னேரம் மூன்று தகரத்திலிருந்தும் பாண் வந்தது. வீடு முழுக்க அன்னாசி வாசம். எனக்கு ஒரு துண்டுகூட வெட்டவில்லை. அந்தக் கோபத்தில் நான் செய்ததைச் சொல்லாமல் விட்டேன்.

அடுத்த நாள் மாமா அவற்றைப் பையில் அடுக்கிக்கொண்டு புல்மோட்டைக்கு பஸ் ஏறினார். அங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்கு ஒரு வள்ளம் வெளிக்கிட இருந்தது. அம்மாவுக்கு மட்டும்தான் அது தெரியும். சொன்ன நாளுக்கு வள்ளம் வரவில்லை. போக வந்தவர்கள் ஒரு தென்னந்தோட்டத்து வீட்டில் நான்கு நாள் ஒளித்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் மாமா பாணை வெட்டியிருக்கிறார். உள்ளே நூல்விட்டுப் புளித்திருந்ததாம். மற்றவர்கள் மணந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். மாமா, தன் கையால் சுட்டதாயிற்றே, பசிக்குத் தின்றார். வள்ளம் வந்தபோது எழும்ப ஏலாமல் வாந்திக்குள் கிடந்தார்.

"கடலில செத்துப்போனா ஆர் பதில் சொல்லுறது?" என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒரு கிழமையில் அவர் வீட்டுக்கு வந்தது எனக்குப் பெரிய சந்தோசம். "மாமா, திருப்பியும் அந்தக் கேக் சுடுவமோ?" என்றேன். அம்மா அறைந்தார். அறைந்த வேகத்தில் அவர் சட்டைக் கழுத்துக்குள்ளிருந்து வெறும் மஞ்சள் கயிறு வெளியே விழுந்தது. கதவடியில் அப்பா நின்றார்.

"தாலிக்கொடி எங்க?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா கயிற்றைச் சட்டைக்குள் தள்ளினார். அப்பா மாமாவைப் பார்த்தார். அன்றோடு அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் கதை பேச்சு இல்லை.

"பழம் கூடக் கனிஞ்சிட்டுதுபோல அக்கா. என்ர பிழைதான்," என்று மாமா குசினிக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. அடி விழும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு அடியோடு முடிகிற காரியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மாமா பிறகு கட்டாரில் ஒரு குசினிக்குப் போனார். எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வளாகம் போன முதல் ஆள் நான். செலவுக்கு இப்போதும் அவர்தான் அனுப்புகிறார். வாழைப்பழத்தில் பிழை இல்லை என்று அவருக்கு இன்னும் நான் சொல்லவில்லை. வள்ளக்காரர் வாங்கித் திருப்பித் தராத காசு, அம்மாவின் தாலிக்கொடி விற்றதையும் சேர்த்து, ஆறரை இலட்சம் ரூபாய்.