பதினோரு சட்டையும் ஒரு நைட்டியும்

வேன், ஆட்டோ சீட்டுகளுக்கு உறை தைப்பவள் அவள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கடை. டிரைவர்களுக்கு அவள் சீட்டக்கா. இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒன்பது வயதில் அப்பா விட்ட அறையில் அந்தக் காது போனது.

அப்பா பஸ் டிப்போ மெக்கானிக். வெளியே தங்கமான மனுஷன் என்று பேர். வீட்டுக்குள் பெல்ட்டை உருவினால் அண்ணன் கட்டிலுக்கடியில் பதுங்குவான்; காலைப் பிடித்து வெளியே இழுத்து விளாசுவார். மறுநாள் அண்ணன் பள்ளியில் யார் மூக்கையாவது உடைத்துவிட்டு வருவான். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் "படியில விழுந்துட்டேன்" என்பாள். அந்த வீட்டில் படியே கிடையாது.

அப்பா போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து அம்மா ஒரு துணிப்பையோடு கடைக்கு வந்தாள். உள்ளே அவருடைய பதினோரு சட்டைகள்.

"உன் மக, அண்ணன் பிள்ளைங்க ரெண்டு பேரு, மூணு பேருக்கும் ஆளுக்கொரு போர்வை தைச்சுக் குடுடி. அதுங்களோட பிள்ளைங்க காலத்துக்கும் கெடக்கட்டும்."

பையின் அடியில் ஒரு பழைய நைட்டி. தோளிலிருந்து மார்பு வரை துரு நிறத்தில் கறை. அப்பா இஸ்திரிப் பெட்டியால் அம்மாவின் மண்டையைப் பிளந்த அன்று அவள் போட்டிருந்தது. முப்பது வருஷம் துவைக்காமல் ஒளித்து வைத்திருக்கிறாள்.

"இது எதுக்கும்மா?"

"இதையும் சேத்துத் தை. மூணுலயும் வரணும்."

சீட்டக்கா சட்டைகளைச் சதுரம் சதுரமாக வெட்டினாள். நைட்டியை வெட்டும்போது மட்டும் கத்தரி இரண்டு முறை நின்றது. ஒவ்வொரு போர்வைக்கும் நடுவில் ஒரு கறைத் துண்டை வைத்தாள். அம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நூல் பிசிறுகளை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது போர்வை மெஷினில் இருந்தபோது, ஒரு மதியம், அண்ணன் வந்தான்.

"நடுவுல என்ன கறை?"

"என் ரத்தம்டா," என்றாள் அம்மா.

அவன் தங்கையிடம் திரும்பினான். "பிரிச்சு எடு. எம் பிள்ளைங்க தாத்தாவ இப்படியா நெனைக்கணும்?"

"அம்மா கேட்டது. பிரிக்க மாட்டேன்."

அவன் போர்வையைப் பிடித்து இழுத்தான். ஊசி முறிந்தது, மெஷின் மேசையோடு சரிந்தது. மறுமுனையை விடாத தங்கையின் கன்னத்தில் அறைந்தான். குறுக்கே வந்த அம்மாவைத் தள்ளினான். அவள் தகரச் சுவரில் மோதி விழுந்தாள். பெரிய கத்தரியை எடுத்து, நடுத் துண்டைக் குத்திக் கிழித்தான்.

சீட்டக்கா ஆணியடிக்கும் சுத்தியலை எடுத்து அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு நொறுங்குவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் அலறிக்கொண்டு மண்டியிட்டான். அதற்குள் சுத்தியல் மறுபடி மேலே போயிருந்தது, இந்த முறை அவன் தலைக்கு நேராக. அவன் நல்ல கையால் தலையை மூடிக்கொண்டு சுருண்டான். கட்டிலுக்கடியில் அவன் அப்படித்தான் சுருண்டிருப்பான்.

சுத்தியலைத் தூர எறிந்தாள். வெளியே ஓடி ஆட்டோவைக் கூப்பிட்டு அம்மாவையும் அண்ணனையும் ஏற்றினாள்.

"எப்படி ஆச்சு?" என்றார் டாக்டர்.

அண்ணன் தரையைப் பார்த்தான். "விழுந்துட்டேன் சார்."

"இல்ல டாக்டர். நான்தான் அடிச்சேன். எங்கம்மாவத் தள்ளினான், சுத்தியலால அடிச்சேன்."

டாக்டர் போலீசுக்குத் தகவல் கொடுத்தார். விசாரணைக்கு வந்தவரிடம் அவள் அதையேதான் சொன்னாள். அண்ணன் புகார் தரவில்லை. இரண்டு வருஷம் பேசவும் இல்லை. அவன் மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்காது. அம்மாவின் இடுப்பு வலி குறைய ஆறு மாதமானது. தூங்கப் போகையில் சீட்டக்காவை உறுத்தியது விழுந்த அடி அல்ல, விழாமல் நின்ற இரண்டாவது அடி.

ஒருநாள் அண்ணி தனியாக வந்து, கிழியாத இரண்டு போர்வைகளைத் தன் பிள்ளைகளுக்காகக் கேட்டாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியும். வேணாங்கல." அண்ணி போர்வையை மடித்தாள். "எம் பெரிய பொண்ணு இந்தக் கறை என்னன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"நடந்தத சொல்லுங்க. நான் அடிச்சதையும் சேத்துச் சொல்லுங்க."