தள்ளி உட்கார்ந்தேன்

விருத்தாசலத்தில் ஸ்கேன் எடுக்கக் காத்திருந்தபோது அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குச் சாயம் தீட்டுகிறவள், நகக்கண்ணெல்லாம் நீலம். வயிற்றின் மேல் வைத்த கையைத் தண்ணீர் குடிக்கும்போதுகூட அவள் எடுக்கவில்லை. அவளுக்கு ஆறு மாதம், எனக்கு ஐந்து.

“இது எத்தனாவது?” என்று கேட்டேன்.

“மூணாவதுக்கா. மொத ரெண்டும் வயித்துலயே போயிடுச்சு. புள்ளைக்கு ரத்தம் ஊற மாட்டேங்குது. இருக்கிற கொஞ்ச ரத்தத்த ஓட்டி ஓட்டியே இதயம் வீங்கிப்போவுதாம். ரொம்ப அபூர்வமா வர்ற நோவுன்னாங்க.”

முந்தானையை இழுத்து என் வயிற்றை மூடிக்கொண்டு பெஞ்சின் கோடிக்கு நகர்ந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள்.

“பயப்படாதீங்கக்கா, இது ஒட்டிக்காது. மெட்ராஸ்ல வயித்துக்குள்ளயே புள்ளைக்கு ரத்தம் ஏத்துறாங்களாம். நாளைக்குப் போறோம்” என்றாள். நான் கைப்பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

மறுவருஷம் என் மகனோடு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அவளே தேடி வந்தாள். இடுப்பில் மெலிந்த பெண் குழந்தை.

“பொழச்சிக்கிச்சுக்கா. இன்னும் ரத்தம் ஏத்திக்கிட்டுத்தான் இருக்கோம், ஆனா இதயம் நல்லா இருக்குது” என்றாள். பிறகு என் மகனின் கன்னத்தைத் தொடப்போய், என்னைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு ரொம்ப பயந்துட்டீங்களே. ஒங்க புள்ளைக்காவும்தான் வேண்டிக்கிட்டேன்.”

அவள் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.