கூரையில்லாத காரும் இரண்டு பூப்பொட்டலமும்

செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கிருஷ்ணமூர்த்திக்கு அறுபதை நெருங்கும் வயதில் ஒரு கார்மேல் காதல் வந்தது. வந்ததுதான் வந்தது, ஊரில் ஓடுகிற ஏதாவது ஒரு கார்மேல் வந்திருக்கக் கூடாதா? பாண்டிச்சேரியில் ஒரு பங்களாவில் நின்ற, எந்தக் காலத்திலோ ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த கார். கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். ஸ்டியரிங் இடப்பக்கம். இப்படி ஒன்று இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்றான் புரோக்கர். "இன்னும் ரெண்டு பேரு கேக்குறாங்க" என்றும் சொன்னான். அதைச் சொல்லாத புரோக்கர் எந்த ஊரில் இருக்கிறான்?

மனுஷனுக்கு உள்ளே ஒரு பழைய குறை. தன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்று கேட்டார். அவருடைய நைனாவோ, "நம்மகிட்டதான் டிராக்டர் இருக்குதே" என்று சொல்லிவிட்டார். கோட்டும் ரோஜா மாலையுமாக டிரெய்லரில் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஊர்வலம் விட்டார்கள். ஒவ்வொரு குழியிலும் மாப்பிள்ளை எழும்பி எழும்பி உட்கார்ந்தார். அந்த அவமானம் இன்றுவரை ஆறவில்லை. ஒரு தடவையாவது திறந்த காரில் இந்தக் கடைத்தெரு வழியாகப் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

மெக்கானிக் விமல்ராஜ் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையைச் சொறிந்தான். "வண்டி சூப்பரா இருக்குது அண்ணே. ஆனா ஒரு வாஷர் போனாகூட கப்பல்லதான் வரணும்." பக்கத்துக் கடை கமலேஷ், "கல்யாண சீசன்ல வாடகைக்கு வுடப் போறியா? நல்ல ஐடியாப்பா" என்று வாழ்த்தினார். கிருஷ்ணமூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனைவி ஜெயம் நிதானமாகக் கேட்டாள். "ஏங்க, கோட்டப் பக்கம் நிறுத்துனா கொரங்கு ஏறி குந்திக்குமே, அத யாரு எறக்குறது? அப்புறம், நான் வலப்பக்கம் உக்காந்தா நான்தான் ஓட்றேன்னு ஊரே நெனைக்கும். எனக்கு அது பரவால்ல. ஒங்களுக்கு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, அம்மன் கோயில்ல பூ கட்டிப் பாத்துடலாம். சாமி சொல்றதுதான்" என்று அவளே முடித்தாள்.

மனசு இரண்டாக நின்றால் அந்த வீட்டில் இதுதான் வழி. ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை அரளி. சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் வாங்கலாம், வெள்ளை வந்தால் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலையில் கிருஷ்ணமூர்த்தி தன் கையாலேயே பொட்டலம் கட்டினார். இரண்டிலும் சிவப்பையே வைத்தார். சாமியை ஏமாற்றுவதாக அவர் நினைக்கவில்லை. பாவம், அம்மனுக்கு ஆயிரம் வேலை, அதில் ஒன்றைக் குறைக்கிறோம் என்றுதான் நினைத்தார். பொட்டலங்களைத் தேங்காய்க் கூடையில் வைத்துவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி குளிக்கப் போனார்.

கோயிலில் பூசாரி பொன்னுசாமி இரண்டையும் குலுக்கிப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை!

கிருஷ்ணமூர்த்திக்கு வேர்த்துவிட்டது. இரண்டும் சிவப்புதானே என்று எந்த வாயால் சொல்வது? அம்மன் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள் என்று நடுங்கிப் போய், கன்னத்தில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்ததும் முதல் வேலையாகப் புரோக்கருக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் ஜெயம் பயபக்தியோடு கண்ணை மூடி நின்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பூஜை அறையில் விபூதி எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே நின்றார். அம்மன் படத்துக்கு இரண்டு பக்கமும் கசங்கிய சிவப்பு அரளி.

"ஜெயம்... இது ஏது?"

"கூடையில இருந்துதுங்க. தூக்கிப் போட மனசு வரல."

கத்துவதற்கு வாயைத் திறந்தார். என்ன சொல்லிக் கத்துவது? கண்தான் கலங்கியது. "ஒரே ஒரு தடவ கடத்தெருவுல போயிட்டு வந்திருப்பேன், ஜெயம்."

அவள் காபி டம்ளரை அவர் கையில் திணித்தாள்.

"அன்னிக்கு டிராக்டர்ல வந்தீங்களே, அதுக்கு மட்டும் கூர இருந்துதா? மாடியிலேர்ந்து பாத்து நான் சிரிச்ச சிரிப்பு இருக்குதே! அதுவரைக்கும் இந்தக் கல்யாணமே வேணாம்னு அழுதுகினு இருந்தவ நான். குடிங்க, ஆறுது."