பழைய வீட்டுக்குப் புது டிஸ்டெம்பர்

ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் சுற்றிப் பழைய கட்டடங்களின் வயதைக் குறித்துக்கொள்வது என் வழக்கம். என் மனைவி இதை வியாதி என்றாள். நான் நோட்டுப் புத்தகம் என்றேன்.

1992 ஆனியில் அந்த நோட்டுப் புத்தகத்துக்கு முதன்முதலாக ஒரு பயன் வந்தது. அப்படிச் சுற்றும்போது பூந்தமல்லியில் ஒரு நெல்விவசாயக் குடும்பம் பழக்கமாயிற்று. நிலம் பாதி மனைகளாகிவிட, வீட்டுக்காரர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். தேக்கு உத்தரமும் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு. போன மழைக்கு நடுக்கூடத்தில் ஏழு பாத்திரங்கள் வைத்தார்களாம்.

"ஊடு ஒயுவுது சார். தம்பி பில்டரைக் கூட்டிகினு வந்துட்டான். இட்ச்சிட்டு பிளாட்டு கட்டலாம்றான். ஐப்பசிக்குள்ள கூரையை சரி பண்ணலேன்னா கையெய்த்து போட்டுட்றேன்னு வாக்கு குட்த்துட்டேன்," என்றார் வீட்டுக்காரர்.

கூரைக்கு ஆகும் தொகையில் பாதிதான் அவரிடம் இருந்தது. அந்த வாரம்தான், நூறு வயதைத் தாண்டிய வீடுகளைப் பழுதுபார்க்கப் பாதிச் செலவை நகரத்து அறக்கட்டளை ஒன்று தருகிறது என்று பத்திரிகையில் படித்திருந்தேன். நிபந்தனைகள் இரண்டு: வயதுக்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும், பழைய உருவம் கெடாமல் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன்.

வாசற்படிக்கு மேல் சுதையில் எழுத்து இருந்தது: 'சர்வதாரி வருஷம் தை மாதம்'. எண் கிடையாது. தமிழ் வருஷங்கள் அறுபதும் ஒரு சுற்று சுற்றி மறுபடி அதே பெயரில் வந்து நிற்கும் என்பதால், இது 1889 ஜனவரியாகவும் இருக்கலாம், 1949 ஜனவரியாகவும் இருக்கலாம். முதலாவது என்றால் நூற்று மூன்று வயது, உதவி உண்டு. இரண்டாவது என்றால் நாற்பத்து மூன்று, அதாவது என்னைவிட இரண்டு மாதம் இளைய வீடு.

ஆறு வாரம் அலைந்தேன். பதிவு அலுவலகத்தில் தேடியதில் பத்திரம் கிடைத்தது. அதில் மனை இருந்தது, கிணறு இருந்தது, தென்னை மரங்கள் எத்தனை என்றுகூட இருந்தது, வீடு இல்லை. கோயில் குருக்களைக் கேட்டேன். தெரிந்தவர் எல்லாரையும் கேட்டேன். போகும்போதெல்லாம் வீட்டுக்காரர் எனக்கு டீ சொல்லுவார். அவர் மனைவி டீயை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

ஆவணியில், வரும் ஞாயிறு பார்வையிட வருவதாக அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. எனக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்டு. ஒரு கார்டு எழுதிப் போட்டேன்: "ஞாயிறு காலை வருகிறார்கள். வீட்டைச் சற்றுச் சீராக வைத்திருக்கவும்."

வாழ்க்கையில் நான் எழுதிய வாக்கியங்களில் மிக விலையுயர்ந்தது அதுதான்.

ஞாயிறு காலை தெருமுனையில் சைக்கிளைத் திருப்பினேன். வீட்டைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் பளீரென்ற வானநீலத்தில் ஒன்று நின்றது. வாசலில் வெள்ளைச் சட்டை, புதுவேட்டி, நெற்றியில் சந்தனத்தோடு வீட்டுக்காரர்.

"எப்டி சார் கீது? மூணு நாளா ஆள் வெச்சி டிஸ்டெம்பர் அட்ச்சேன். பொண்ணு பாக்க வர்ற மாறி வர்றாங்க, சும்மாவா?"

"மேலே இருந்த எழுத்து?"

"அதுல தூசி அடையுது சார். பெயிண்டரு பட்டி போட்டு மூடிட்டான். சமமா கீது பாருங்க."

அதற்குள் கார் வந்து நின்றது. கைத்தறிப் புடவையும் கையில் டார்ச் விளக்குமாக ஒரு கட்டடக்கலை அம்மையார் இறங்கினார். வீட்டைப் பார்த்தார். கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். மறுபடி வீட்டைப் பார்த்தார்.

"கதவு எண் சரிதானே?"

"சரிதாம்மா," என்றார் வீட்டுக்காரர் பெருமையோடு.

உள்ளே வந்து உத்தரத்தைத் தட்டிப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. "மரம் நல்லா இருக்கு. ஆனா நாற்பதுகள்லயும் இதே மாதிரி கட்டியிருக்காங்க. எழுத்துல ஆதாரம் இல்லாம நான் எதுவும் பரிந்துரைக்க முடியாது. வீட்டுக்குள்ள பெயிண்ட் அடிக்காத இடம் ஏதாவது மிச்சம் இருக்கா?"

வீட்டுக்காரர் தலை குனிந்தது. "ரூம் ஒண்ணு உட்டுப்போச்சும்மா. எல்லாம் இவளாலதான். பெயிண்டரை உள்ள உடமாட்டேன்னுட்டா."

"இன்னா என்னாலே?" மனைவி அடுக்களையிலிருந்து வந்தார். "நெல்லு குதிர் கீற ரூம்ல செருப்புக் காலோட வந்தான். தொடப்பக்கட்டையை எட்த்தேன், ஓடிட்டான். வாம்மா, நீ வந்து பாரு. செருப்பை மட்டும் கயட்டிடு."

குதிர் இருந்த அறையின் கதவை அவர் உள்பக்கமாகச் சாத்தினார். அம்மையார் டார்ச் அடித்தார். கதவின் உட்புறம் முழுக்கக் காவியால் எழுதிய பெயர்கள், பத்தி பத்தியாக. ஒவ்வொரு பொங்கலன்றும் நடப்பு வருஷத்தின் பெயரை அந்த வீட்டு மருமகள் எழுத வேண்டுமாம். முதல் பெயர் சர்வதாரி. கடைசியாக, வீட்டுக்காரர் மனைவி கையால் எழுதியது, பிரஜோத்பத்தி. நான் விரல் வைத்து எண்ணினேன். அறுபத்தோராவது இடத்தில் மறுபடி சர்வதாரி. மொத்தம் நூற்று நான்கு; ஆக, முதல் சர்வதாரி 1889தான். ஓரிடத்தில் மட்டும் இரண்டு வருஷம் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே வரியில் இருந்தன.

"அது எங்க மாமியாரோட மாமியாரு. ஒரு வர்சம் மறந்துட்டு அட்த்த வர்சம் சேத்து எய்திட்டாங்க."

நான் கதவிலிருந்து விரலை எடுத்தேன். "அம்மா, ஆறு வாரமா இதுக்குத்தானே அலைஞ்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ என்னைக் கேட்டியா சார்? ஊரெல்லாம் கேட்டே. எனக்கு டீ டம்ளரைத்தானே குட்த்தே."

அம்மையார் சிரித்துக்கொண்டே கதவைப் படம் எடுத்தார். பரிந்துரை செய்வதாகவும், முதலில் அந்த நீலத்தை முழுக்கச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

புரட்டாசியின் நான்கு ஞாயிறுகளையும் சுவர் சுரண்டுவதில் கழித்தோம், நானும் வீட்டுக்காரரும். கார்டு எழுதியவன் என்பதால் உயரமான ஏணி எனக்கு. உதவித் தொகை வந்து, ஐப்பசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கூரை வேலை முடிந்தது. பில்டர் வேறு தெருவுக்குப் போனார்.

தைப் பொங்கலன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் மனைவி கதவில் 'ஆங்கீரஸ' என்று எழுதினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் '1993' என்று எண்ணிலும் போட்டார்.

"அறுவது வர்சம் கயிச்சி இன்னொரு சார் சைக்கிள்ள அலையக் கூடாது பாரு."