அவுட் ஆனால் கை மாற்று

இன்று விமான் நகர் கடையில் கையடக்க கேம் மெஷின் ஒன்று வாங்கினேன்.

"அந்தக் காலத்து டிவி கேம் எல்லாம் இதுல ஓடுமா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் இந்த மராத்தி ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "எல்லாமே ஓடும்ணா, பிந்தாஸா, கவலையில்லாம வாங்குங்க."

கராடி பஸ்ஸில் உட்கார்ந்ததும் போட்டுப் பார்த்தேன். ஆகுர்டி வீட்டில் தம்பியும் நானும் விளையாடிய அதே கேம். அதே இசை. மூன்றாவது லெவலில் அதே பள்ளம்.

எங்களிடம் இருந்தது ஒரே ஜாய்ஸ்டிக். இன்னொன்றைத் தம்பி சாம்பாரில் போட்டுவிட்டான். அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தோம்: அவுட் ஆனவன் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துவிட வேண்டும்.

இன்றும் பள்ளத்தில் விழுந்தேன். கை தானாக வலப்பக்கம் நீண்டுவிட்டது.

பக்கத்து சீட்டில் காய்கறிப் பையோடு ஒரு மராத்திக்காரர். "நக்கோ, நக்கோ" என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார்.

தம்பி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்தக் கைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போல.

கடைக்காரர் மேல் குற்றமில்லை. எல்லாமே ஓடுகிறது.

ஒரே ஜாய்ஸ்டிக்கில் வளர்ந்தவர்கள் சொல்லுங்கள். இப்போதெல்லாம் அவுட் ஆனால் யாரிடம் கொடுக்கிறீர்கள்?