ஞானாம்பிகை ரீச்சர் சொன்ன வெள்ளைக்காரக் குடும்பம்

கந்தையா அண்ணை என் படலையில் சைக்கிளை நிறுத்தியபோது நான் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி, "ரீச்சர் செத்துப் போட்டா, மாஸ்ரர்" என்றார். "காலமை தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையிலை இருந்தவவாம். பூமணிதான் போய்ப் பாத்தது." பூமணி அவருடைய மனைவி. ரீச்சரின் வளவுக்கு அடுத்த வளவு அவர்களுடையது. எந்த ரீச்சர் என்று நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து இணுவிலில், எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் ரீச்சர் என்றால் ஞானாம்பிகை ரீச்சர்தான்.

ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் ஆங்கிலமும் நான் கணிதமும் படிப்பித்தோம். அவரிடம் படித்தவர்கள் அந்தக் காலத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் எழுத விரும்புவது பள்ளிக்கூடத்துக்கு வெளியே, அவருடைய முற்றத்தில் கண்டதை.

எண்பத்துமூன்றின் தொடக்கத்தில் அவர் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினார். கல்யாணம் செய்யாமல் தனியே இருந்தவர் அதைத் தனியே பார்க்க விரும்பவில்லை. பெட்டியை விறாந்தைக்குக் கொண்டுவந்து வைத்தார். ஒழுங்கைச் சனம் முழுவதும் முற்றத்தில் பாய் போட்டு இருந்து பார்த்தது. வெளிநாட்டு நகைச்சுவைத் தொடர்கள் ஆங்கிலத்தில் போகும். ரீச்சர் பக்கத்தில் நின்று எங்கள் பேச்சில் சொல்லிக்கொண்டே வருவார். பெட்டிக்குள்ளிருந்து கேட்கும் சிரிப்பு கந்தையா அண்ணைக்குப் பெரிய குழப்பம்.

"வீட்டுக்குள்ளை ரண்டு பேர்தானே நிக்கினம். ஆர் ரீச்சர் உப்பிடிச் சிரிக்கிறது?"

"அங்கையும் ஒரு சனம் இருந்து பாக்குது அண்ணை, எங்களைப்போல."

ஒருநாள் தொடரில் மகன் தகப்பனை நோக்கி நீளமாக ஏதோ கத்தினான். ரீச்சர், "நீங்கள் சொல்லுறது எனக்குப் பிடிக்கேல்லை எண்டுறான்" என்று முடித்துவிட்டார். வங்கியில் வேலை செய்த ஒருவர் எழுந்து, "அவன் சொன்னது அதில்லையே ரீச்சர், தேப்பனை மடையன் எண்டெல்லோ பேசினவன்" என்றார். ரீச்சர் அசையவில்லை. "அவன் சொன்னது அவன்ரை வீட்டுக்கு. நான் சொன்னது எங்கடை வீட்டுக்கு. ரண்டு இடத்திலையும் தேப்பனுக்கு ஒரேயளவுதான் நொந்திருக்கும்."

பழைய தொடர்களையும் புதியவற்றையும் கலந்து ஒளிபரப்பிய காலம் அது. ரீச்சர் அவற்றை வரிசைப்படுத்தி வைத்திருந்தார். பள்ளிக்கூட ஓய்வறையில் ஒருமுறை எனக்கு விளக்கினார். "கறுப்பு வெள்ளைக் காலத்திலை தேப்பன் எல்லாம் தெரிஞ்சவர். பிறகு வந்ததுகளிலை தேப்பன்தான் பகிடி, தாய்க்கும் பிள்ளையளுக்கும் எல்லாம் தெரியும். இப்ப வாறதுகளிலை ஆரோ ஒராள் வீட்டிலை இல்லை. செத்துப்போச்சு, அல்லாட்டி விட்டிட்டுப் போட்டுது. இருக்கிற ஆக்கள் சிரிச்சுச் சமாளிக்கினம்." பிறகு, "எங்களுக்கு உந்தக் கடைசிக் கட்டம் கெதியாய் வந்திடும் போலை கிடக்கு, மாஸ்ரர்" என்றார். ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு பிள்ளைகள் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கந்தையா அண்ணையின் ஒரே மகனும் போனான். ஜேர்மனிக்கு. பூமணி அக்காவிடம் சொன்னால் மறிப்பார் என்று தகப்பனும் மகனும் மறைத்தே ஒழுங்கு செய்திருந்தார்கள். மகன் கொழும்பைத் தாண்டிய பிறகுதான் தாய்க்குத் தெரிந்தது. அன்றோடு அவர் புருஷனுடன் பேச்சை நிறுத்தினார். சமைத்து வைப்பார். "சோறு போட்டுக் கிடக்கெண்டு சொல்லு" என்று கட்டி நின்ற ஆட்டிடம் சொல்வார். அண்ணையும் "எனக்குப் பசியில்லையெண்டு சொல்லு" என்று ஆட்டிடமே சொல்வார். வருடக்கணக்காக வேலிக்கு இப்பால் இருந்து ரீச்சர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தொண்ணூறில் மறுபடி போர் மூண்டு மின்சாரம் நின்றது. பெட்டிக்குத் துணி போர்த்தாயிற்று. ஆனால் ஞாயிறு பின்னேரங்களில் சனம் வருவது நிற்கவில்லை. "பிறகு அந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்தது, சொல்லுங்கோவன்" என்று கேட்டார்கள். ரீச்சர் சொல்லத் தொடங்கினார். தொடரில் வந்த வெள்ளைக்காரத் துரையும் பெண்சாதியும் யாழ்ப்பாணத்துக்கே குடிவந்துவிட்டார்கள். துரை கழுத்துப் பட்டியோடு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றார். துரைசாணி பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கப் பழகினார். பதுங்குகுழிக்குள் போகும்போதும் துரை, "நீங்கள் முன்னாலை போங்கோ" என்று மனைவிக்கு மரியாதை காட்டினார். விமானச் சத்தம் கேட்கும் நாட்களிலும் நாங்கள் சிரித்தோம்.

ஒரு ஞாயிறு, துரையும் துரைசாணியும் கோபித்துக்கொண்டு ஆட்டின் மூலம் கதைக்கத் தொடங்கினார்கள். முற்றம் விழுந்து விழுந்து சிரித்தது. பூமணி அக்கா எழுந்து, சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் ரீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனார். பூமணி அக்கா அடுப்படியில் நின்றார்.

"பிழை விட்டிட்டன் பூமணி. உன்னை நோகடிக்க நினைக்கேல்லை."

அக்கா அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டு, "துரையும் துரைசாணியும் பிறகு கதைச்சதுகளோ?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியேல்லை. இன்னும் யோசிக்கேல்லை."

"யோசிச்சால் சொல்லுங்கோ. வாறன்."

அந்த ஞாயிறு அவர் வந்தார். முன் பாயில் இருந்தார். கந்தையா அண்ணை வழக்கம்போல் பின்னால் கிணற்றடியில் நின்றார். ரீச்சர் கதையை ஆட்டடிவரை கொண்டுவந்தார். துரை ஆட்டிடம், "பிள்ளையை நினைச்சு அவ அழுகிறவவோ எண்டு கேள்" என்றார். அதோடு ரீச்சர் நிறுத்திவிட்டார். அவருக்கே மேலே என்ன சொல்வதென்று தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கிணற்றடியிலிருந்து குரல் வந்தது. "ஆட்டிட்டைக் கேக்காமல் அவவிட்டையே கேக்கச் சொல்லுங்கோ ரீச்சர்."

பூமணி அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "கேக்கட்டன். ஆர் வேண்டாமெண்டது?"

ரீச்சர் கதையை அங்கேயே முடித்து, எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றப் போனார். அண்ணையும் அக்காவும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சில நாட்களில் வேலிக்கு மேலாகச் சண்டை கேட்டது. பெரிய சண்டை. மகனை அனுப்பியதைப் பற்றி. ரீச்சர் என்னிடம் வந்து, "ரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுகினம் மாஸ்ரர்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

செத்தவீட்டில் பூமணி அக்காதான் தலைமாட்டில் இருந்தார். பெற்ற பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில், வருபவர்களை வரவேற்றது கந்தையா அண்ணை.

பேச்சை மொழிபெயர்ப்பது எப்படி என்று ஒருமுறை நான் ரீச்சரிடம் கேட்டிருக்கிறேன். "அவையள் சொல்லி முடிக்குமட்டும் நான் வாய் திறக்கிறேல்லை. அவ்வளவுதான்" என்றார். என் வீட்டிலும் இப்போது சத்தம் உயர்கிறது. கொழும்புக்குப் போகவேண்டும் என்கிறாள் மகள், வேண்டாம் என்கிறாள் அவள் தாய். நடுவில் இருக்கும் நான் இருவரையும் கடைசிச் சொல்வரை கேட்கிறேன். ரீச்சரிடமிருந்து என்னிடம் தங்கியது இது. இன்னும் எனக்கு நன்றாக வரவில்லை.